இந்த அறையில் சிக்னல் இருக்கிறது

வெட்ட வேண்டாம், சார். ரிப்பன்தான் வேண்டுமென்றால் வார்டில் கட்டுத்துணி இருக்கிறது, ஒரு முழம் கிழித்துக்கொண்டு ஓடி வருகிறேன். இந்த அறைக்கு வருகிற ஒரே கம்பி இது. இதையும் வெட்டிவிட்டால் புது மெஷின் எதைப் பிடித்துக்கொண்டு வெளியே பேசும்? யாராவது கேட்டீர்களா?

இதையெல்லாம் அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோல் வைத்த தட்டு அவள் கையில்தான் இருந்தது.

மருத்துவமனை இயக்குநர் கத்தரிக்கோலை எடுத்தார். படம் எடுப்பவர் சொன்ன பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரிலிருந்து அவளுடைய மேசைவரை வந்த நீல நிற கேபிளை வெட்டினார். அது ஒரே வெட்டில் போகவில்லை. கண்காணிப்பாளர் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது வெட்டில் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். தட்டு கையில் இருந்ததால் அவளால் தட்ட முடியவில்லை. அதற்காக அவள் தன்னைப் பாராட்டிக்கொண்டது அன்று மட்டும்தான்.

கம்பி என்பது அடிமைத்தனம் என்று இயக்குநர் பேசினார். இனி இந்த மருத்துவமனையில் கம்பியும் இல்லை, காகிதமும் இல்லை. முதல் கட்டமாக, அவள் வேலை பார்க்கும் இந்தத் திசு ஆய்வுப் பிரிவு விடுதலை அடைகிறது. அடுத்து எந்தப் பிரிவு என்பதை ஒரு குழு தீர்மானிக்கும். பேச்சு முடிவதற்குள் நடையில் ஒரு கொத்தனார் சிமெண்டைக் குழைத்துக்கொண்டு காத்திருந்தார். மத்தியானத்துக்குள் சுவரில் கேபிள் செருகுகிற துளை பூசப்பட்டு, மேலே வெள்ளையும் அடிக்கப்பட்டது. பதினாறு வருடமாக அவள் பயன்படுத்திய பழைய கணினியை அன்றே வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

புதுக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டிருந்தது. லினக்ஸ்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. திரை சுத்தமாக இருந்தது, தட்டச்சு செய்தால் எழுத்து உடனே விழுந்தது. டாக்டர் நுண்நோக்கியில் குனிந்தபடி சொல்லச் சொல்ல, அவள் அடித்துக்கொண்டே போகலாம். அடித்து முடித்து அனுப்பு என்று அழுத்தினால், மாடியில் அறுவை சிகிச்சைப் பிரிவின் திரையில் அது போய்த் தோன்ற வேண்டும். அவளுடைய வேலை அவ்வளவுதான். அந்த ஓர் அழுத்தலுக்காகத்தான் ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒருவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

அழுத்தினாள். இணைப்பு இல்லை என்றது. வைஃபை இருக்கிறதா என்று தேடினாள். வைஃபை அடாப்டர் எதுவும் காணப்படவில்லை என்று ஒரு வரி வந்தது. மரியாதையான வரி. மன்னிப்புகூடக் கேட்டிருந்தது.

தொழில்நுட்பப் பிரிவுக்கு போன் செய்தாள். எடுத்தவர் நல்ல குரல்காரர். புகாரை இணையதளத்தில்தான் பதிய வேண்டும் என்றார். மேல்மாடியில் வேறொரு கணினியில் பதியட்டுமா என்று அவள் கேட்டாள்.

“அது செல்லாதும்மா. எந்த மெஷின்ல பிரச்சினையோ அந்த மெஷின்ல இருந்தே போடணும். இல்லைன்னா அது அந்த மெஷினோட புகார்தான்னு நாங்க எப்படி நம்பறது?”

“இந்த மெஷின்ல நெட் வரலைங்கிறதுதான் சார் புகாரே.”

“அதைத்தான் அதுலேர்ந்து போடுங்கன்னு சொல்றேன்.”

போனை வைத்த பிறகு, தப்பு தன் பக்கமோ என்று ஒரு நிமிடம் நிஜமாகவே தோன்றியது. பெரிய இடங்களுக்கு இருக்கிற திறமை இது. அவர்கள் உளறுவதை நாம் ஏந்திக்கொண்டு நம் புத்தியைத் தேய்த்துப் பார்ப்போம்.

வியாழக்கிழமை டாக்டர் ஒரு கண்ணாடிச் சில்லை வைத்துக்கொண்டு வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்திருந்தார். பிறகு சொன்னார். அவள் அடித்தாள். நாக்கின் இடது ஓரம், சிறிய கட்டி, புற்று, வேகமாக வளரும் வகை. பெண், நாற்பத்தொரு வயது. விரைவில் அகற்றினால் ஓரத்தோடு போய்விடும் என்பதை டாக்டர் அறிக்கையில் சேர்க்கச் சொல்லவில்லை, தானாகச் சொன்னார். “இதை முதல்ல அனுப்பு.”

அறுவை சிகிச்சைக் குழு செவ்வாய்க்கிழமைதோறும் கூடும். யாருக்கு எந்தத் தேதி என்று அன்றுதான் முடிவாகும். திரையில் அறிக்கை இருப்பவர்களின் பெயர்தான் பட்டியலில் ஏறும், அதையும் கணினியே ஏற்றும். டாக்டர் மாடிக்குப் போய் அறுவை மருத்துவரிடம் வாயால் சொல்லிப் பார்த்தார். அவர் நம்பினார். நம்பிக்கையைப் பட்டியலில் ஏற்ற வழியில்லை என்றும் சொன்னார். அச்செடுத்துக் கொடுக்கலாம் என்றால், காகிதமில்லா விழாவோடு அச்சு எந்திரமும் போயிருந்தது. பென்டிரைவில் கொண்டுபோகலாம் என்றால், வார்டுக் கணினிகள் பென்டிரைவை ஏற்காது. அவள் மெஷின் ஏற்கும். பென்டிரைவைத் தடுக்கிற ஏற்பாடு வலைவழியாகத்தான் வந்து இறங்க வேண்டுமாம். அதனால் இறங்கவில்லை.

பெஞ்சில் காத்திருந்தவர் அந்தப் பெண்ணின் கணவர். பூட்டு ரிப்பேர் செய்கிறவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மெல்லிய அரம் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் நாள் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் கதவோரம் வந்து நின்றார். ரிப்போர்ட் ரெடியா என்று கேட்டார். ரெடி என்றாள். அப்போ குடுங்க என்றார். கொடுக்க முடியாது என்றாள். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவர் யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

முதல் செவ்வாய் போனது.

மறுநாள் கம்பியில்லா ஒருங்கிணைப்புக் குழு வந்தது. ஐந்து பேர். அவர்களில் மூத்தவரை மருத்துவமனை முழுக்க சிக்னல் என்றுதான் சொல்வார்கள், எதிரில் மட்டும் சார். சிக்னல் தன் போனை எடுத்து அறையின் நாலு மூலைக்கும் நீட்டிப் பார்த்தார். மேசைக்கு அடியிலும் நீட்டினார். எல்லா இடத்திலும் நாலு கோடு.

“பாருங்க. எவ்வளவு அருமையா வருது. இதைவிட என்னம்மா வேணும் உங்களுக்கு?”

“இந்த மெஷின்ல வரணும் சார்.”

“நாங்க குடுக்கறோம். வாங்கிக்கறது மெஷினோட பொறுப்பு.”

‘இந்த அறையில் சிக்னல் இருக்கிறது’ என்று ஒரு சான்றிதழ் எழுதி, ஐந்து பேரும் கையெழுத்திட்டு, சுவரில் ஒட்டினார்கள். மேலிடத்துக் காகிதத்துக்கு விலக்கு உண்டு. புதுப் பூச்சில் பசை பிடிக்காததால் சான்றிதழ் ஒருமுறை விழுந்தது. டேப் போட்டார்கள்.

பிறகு மெஷினை நகர்த்தச் சொன்னார்கள். ஜன்னலோரம் வைத்தாள். இரும்பு பீரோவின்மேல் ஏற்றி, ஸ்டூலில் நின்று அடித்தாள். அரை நாள் நடையில் வைத்துப் பார்த்தார்கள். அடுத்து ரவுட்டரை மாற்றினார்கள், பிறகு அதையும் மாற்றினார்கள். குழுவில் ஒருவர் ஆழ்ந்து யோசித்து, அலமாரியில் இருக்கும் ஜாடிகள்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். திசுக்களை ஊறவைத்திருக்கும் திரவம் அலைகளை உறிஞ்சிக்கொள்கிறதாம். நூற்றுப்பத்து ஜாடிகளையும் நடைக்கு மாற்ற உத்தரவு வந்தது. டாக்டர் வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, இதில் ஒன்று மாறினாலும் ஒருத்தர் கட்டி இன்னொருத்தர் பெயரில் போய்விடும் என்றார். கோப்பில் அதை, பயனர்கள் ஒத்துழைப்பதில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பயிற்சி வகுப்பு. தலைப்பு, கம்பியில்லா மனநிலை. மூன்று மணி நேரம். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பெஞ்சில் பூட்டுக்காரர் உட்கார்ந்திருப்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள். சிக்னல் மேடையில் உலாத்திக்கொண்டு பேசினார்.

“லினக்ஸோட பெருமை என்னன்னா, இது திறந்த மென்பொருள். உள்ள என்ன இருக்குன்னு யார் வேணா திறந்து பார்க்கலாம், சரி பண்ணலாம். உலகமே அப்படித்தான் பண்ணுது. அதனாலதான் நாங்க இதைத் தேர்ந்தெடுத்தோம். ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்குங்க, இங்க யாரும் திறக்கக் கூடாது.”

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நிறைவாக இயக்குநர் வந்தார். பழைய முறை இருந்தபோது மாதம் நாற்பது புகார் வந்துகொண்டிருந்ததாகவும், புது முறை வந்த பிறகு திசு ஆய்வுப் பிரிவிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை என்றும் சொன்னார். “இதுக்கு மேல வெற்றின்னு எதைச் சொல்றது, நீங்களே சொல்லுங்க.”

அவள் சொல்லவில்லை. எழுந்து நின்று இரண்டு வரி பேசியிருக்கலாம். நாக்கு அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர்கள்மேல் வந்த கோபம், பாதி வழியில் திரும்பி அவள்மேலேயே பாய்ந்தது. சொல்பேச்சுக் கேட்கிறவள் என்று பதினாறு வருடமாக வாங்கிய பெயர் எதற்கு உதவியது? பீரோமேல் ஏறச் சொன்னால் ஏறினாள். ஏறுகிறபோது தான் ஏதோ முயற்சி செய்வதாக அவளுக்கே ஒரு திருப்திகூட இருந்தது. காத்திருக்கிறவருக்கு அந்தத் திருப்தியால் என்ன பயன்?

இரண்டாவது செவ்வாயும் போனது. அன்று தொழில்நுட்பப் பிரிவிலிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்தது. தங்களிடமிருந்து புகார் எதுவும் பெறப்படாததால், தங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகக் கருதி முடித்துவைக்கப்படுகிறது.

புதன்கிழமை காலை சமையலறையில் நின்றுகொண்டே நாத்தனாருக்கு போன் செய்தாள். கணவரின் தங்கை, கல்லூரிக் கணினிக் கூடத்தில் இருபது வருடம் வேலை பார்ப்பவள். வாய் கொஞ்சம் அதிகம். அதனாலேயே அவளிடம் எதையும் கேட்காமல் இருப்பது இவளுடைய வழக்கம்.

“ரெண்டு வாரமா இதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களா? எங்க அண்ணன் பொறுமைசாலின்னு நினைச்சேன், நீங்க அவரையே தூக்கிச் சாப்ட்டுட்டீங்க அண்ணி.”

“திட்டறதைச் சாயங்காலம் வந்து திட்டு. இப்ப என்ன பண்ணணும் சொல்லு.”

நாத்தனார் கேட்ட கேள்விகள் சின்னச் சின்னதாக இருந்தன. திரையின் மூலையில் வைஃபை படம் இருக்கிறதா? இல்லை. அமைப்புகளில் வைஃபை என்று போனால் என்ன வருகிறது? அடாப்டர் காணப்படவில்லை என்கிறது. அப்படியானால் ரவுட்டரில் குற்றமில்லை, சுவரில் குற்றமில்லை, ஜாடியிலும் இல்லை என்றாள்.

“மெஷினுக்குள்ள வைஃபை சில்லு இருக்கு அண்ணி. ஆனா அது முழிக்கறதுக்கு ஒரு சின்ன ஃபைல் வேணும். சில கம்பெனிக்காரன் அதைக் கூடவே சேர்த்துக் குடுக்க விடமாட்டான், அதனால லினக்ஸ் போடும்போது தானா வராது. தனியா நெட்லேர்ந்து இறக்கணும். ஒரே ஒரு தடவை. அஞ்சு நிமிஷ வேலை.”

“நெட்டே இல்லையே.”

“அதுக்குத்தான் முதல் தடவை கேபிளைச் செருகுவாங்க.”

இவள், பூசி வெள்ளையடித்த துளையைப் பற்றிச் சொன்னாள். நாத்தனார் அதற்குத் திட்டக்கூட இல்லை. அவள் அப்படி இருந்து இவள் பார்த்ததில்லை. பிறகு, போனை கேபிளால் மெஷினில் செருகி, போனின் நெட்டை மெஷினுக்குக் கொடுக்கலாம் என்று வழி சொன்னாள். நிர்வாகி கடவுச்சொல் மட்டும் வேண்டும்.

கடவுச்சொல் அவளிடம்தான் இருந்தது. மெஷினோடு சேர்த்து ஓர் உறையும் கொடுத்திருந்தார்கள். மூன்று இடத்தில் அரக்கு வைத்த உறை. ‘பொறுப்பாளர் இதைக் காப்பாற்ற வேண்டும், எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது’ என்ற நிபந்தனையில் அவள் கையெழுத்து இருந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பூட்டுக்காரர் கதவோரம் வந்தார். அன்றைக்குத்தான் அவளால் அவருக்கு விஷயத்தைப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“சாவியை வீட்டுக்குள்ள வெச்சுட்டு வெளியில பூட்டியிருக்காங்க.”

“ஆமா.”

“இது தினம் நாலு பேர் பண்றதுதான் மேடம். நான் போய்த் திறந்து குடுப்பேன். ஆனா யாரும் அதுக்கு விழா வெச்சதில்லை.” கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார். “அவ நிறையப் பேசுவா மேடம். காலையில எழுந்ததுலேர்ந்து பேச்சுதான். நாலு நாளா வலியில பேசறதில்ல. வீட்டுல கடிகாரம் ஓடற சத்தம் கேக்குது.”

அவர் பெஞ்சுக்குத் திரும்பிப் போனார். அவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். அரக்கை நகத்தால் பெயர்த்தாள். உள்ளே ஒரே ஒரு சொல் இருந்தது, வெளிப்படைத்தன்மை.

போனைச் செருகினாள். நாத்தனார் எழுதி அனுப்பிய வரியை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தாள். கறுப்புத் திரையில் ஏதேதோ வரிகள் ஓடின. முடிந்தது என்றது. மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். திரையின் மூலையில் விசிறி மாதிரி ஒரு சின்னப் படம் வந்து நின்றது. ஐந்து நிமிடம் ஆகும் என்று நாத்தனார் சொன்னது தப்பு, நாலுதான் ஆனது.

அனுப்பு என்று அழுத்தினாள். போய்விட்டது. வரிசையில் நின்ற அறுபத்தேழு அறிக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. இவ்வளவுதானா என்று வந்தது. இவ்வளவு சின்னதற்கா பதினைந்து நாள் என்றும் வந்தது.

மூன்றாவது செவ்வாய் அந்தப் பெண்ணின் பெயர் பட்டியலில் இருந்தது. அறுவை சிகிச்சைக் குழு அந்த நோயாளியைக் கூப்பிட்டுப் பார்த்தது. ஓரம் என்பது இப்போது ஓரமாக இல்லை. நாக்கில் பாதிக்குமேல் எடுக்க வேண்டியிருக்கும், எடுத்த பிறகு பேச்சு தெளிவாக இருக்காது, பழக்கினால் வீட்டார் புரிந்துகொள்ளலாம். பூட்டுக்காரர் கீழே வந்து, திசு ஆய்வு அறைக் கதவோரம் நின்று இதை அவளிடம் சொன்னார். குற்றம் சொல்ல வரவில்லை. சொல்வதற்கு அந்தக் கட்டடத்தில் வேறு யாரையும் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

“ரெண்டு வாரம் முன்னாடின்னா என்ன ஆயிருக்கும்னு கேட்டேன். அந்த மாதிரியெல்லாம் யோசிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க” என்றார். அவள் அவரை உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் உறையைத் திறந்த விஷயம் அந்த வாரமே மேலே தெரிந்துவிட்டது. விசாரணை நடந்தது. ஒரு நீண்ட மேசையின் அந்தப் பக்கம் ஏழு பேர் இருந்தார்கள். மெஷின் இப்போது வேலை செய்வதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. யாரைக் கேட்டு வேலை செய்ய வைத்தாள் என்பதுதான் கேள்வி. சிக்னல் மிகவும் வருத்தத்தோடு பேசினார். ஒரு பிரச்சினையை முறைப்படி தீர்க்காமல் விட்டுவைப்பதுகூடப் பரவாயில்லை, முறையில்லாமல் தீர்த்துவிட்டால் நாளைக்குக் குழு எதற்கு என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள் என்றார். மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். அவர் என்ன சொன்னார் என்று அவர்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை, அவருக்கும்தான்.

மறுநாள் காலை கண்காணிப்பாளர் அவளுடைய அறைக்கு நேரில் வந்தார். வழக்கமாக அவர் ஆள் அனுப்புவார். நாற்காலியை அவரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரல் தணிவாக இருந்தது. மருத்துவமனையைக் கம்பியில்லா மாற்றத்துக்காக ஒரு விருதுக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தோடு ஒரு சான்று இணைக்க வேண்டும். மெஷின் பொறுப்பாளர்தான் கையெழுத்திட வேண்டும். இயக்குநர் பெரிய மனதோடு, உறை விஷயத்தை அத்தோடு விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

தாளை மேசையில் வைத்தார். ஒரே ஒரு வாக்கியம். மாற்றத்தின்போது எந்த நோயாளியின் சிகிச்சைக்கும் எவ்விதத் தாமதமும் ஏற்படவில்லை.

அவள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். எழுத்துப்பிழை இல்லை. நல்ல தமிழ். இதை யாரோ உட்கார்ந்து, முதலில் ‘பெரிய தாமதம்’ என்று போட்டு, பிறகு யோசித்து ‘எவ்விதத்’ என்று மாற்றியிருக்க வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்த கை அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டிருக்கும். கத்தலாம் என்று தோன்றியது. தாளை அவர் முகத்தில் எறியலாம் என்று தோன்றியது. இரண்டில் எதைச் செய்தாலும் அவள் உணர்ச்சிவசப்பட்டதாகக் கோப்பில் ஏறும். அவர்களுக்கு அது வசதி.

“படிச்சிட்டீங்களா?”

“படிச்சேன் சார்.”

“பேனா இருக்கா, நான் தரட்டுமா?”

“நான் போடல சார்.”

“ஏம்மா, உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன். ஒரு வரி. யாரும் படிக்கக்கூட மாட்டாங்க.”

அவள் தாளை அவர் பக்கமாகத் திருப்பி, அவர் படிக்கிற மாதிரி வைத்து, மெதுவாக நகர்த்தினாள். அவர் அதை எடுக்கவில்லை. உறை விஷயத்தை மறுபடி ஒருமுறை நினைவுபடுத்தினார். அவள் கேட்டுக்கொண்டாள். அது மேலே போனால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அதையும் கேட்டுக்கொண்டாள்.

உள்ளே டாக்டர் அடுத்த கண்ணாடிச் சில்லை எடுத்துவிட்டார். பெண், இருபத்தாறு வயது என்று அவர் சொல்ல ஆரம்பிக்கும் குரல் கேட்டது. வெளியே பெஞ்சில் யாரோ எழுந்து நிற்கும் சத்தமும் கேட்டது. அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் தள்ளிக்குங்க சார்,” என்றாள். “இதை இப்பவே அனுப்பணும்.”